இஸுவில் வசாபி ஐஸ்கிரீம்: கிழங்கைக் கண்ணால் பார்க்காமல் காசு போடாதீர்கள்

டோக்கியோவுக்குப் போனவர்கள் பலர் அப்படியே இஸு தீபகற்பத்துக்கும் ஒரு நடை போய் வருகிறார்கள். அந்தப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். வசாபி என்பது ஜப்பானியர்கள் சுஷிக்குத் தொட்டுக்கொள்ளும் காரமான பச்சைக் கிழங்கு. அங்கே வசாபி ஐஸ்கிரீம் என்ற பெயரில் எங்கள் குடும்பத்தை ஏமாற்றினார்கள். தலைக்கு 350 ரூபாய்க்கு மேல் ஆகும் பண்டம் அது. காசு போனதைவிட, தெரிந்தே செய்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ஜப்பானில் ஊருக்கு ஒரு ஐஸ்கிரீம் உண்டு. ஹக்கோடாத்தேயில் கணவாய் மை கலந்த கறுப்பு, ஷோதோஷிமா தீவில் சோயா சாஸ், ஃபுரானோவில் லாவெண்டர், கனசாவாவில் தங்கத் தாள் ஒட்டியது. இஸு இருக்கும் ஷிஸுவோகா மாகாணம் வசாபிக்குப் பேர்போனது. மலை ஓடைத் தண்ணீரைப் படிப்படியாக இறக்கி அவர்கள் வசாபி வளர்க்கும் முறையை 2018இல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு உலக வேளாண் பாரம்பரியங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அதனால் அமாகி மலைப் பக்கம் கடைக்குக் கடை வசாபி ஐஸ்கிரீம்தான்.

இதில் இரண்டு வகை இருக்கிறது. வசாபி விழுதை உள்ளேயே கலந்து பச்சை நிறத்தில் வருவது ஒன்று. வெறும் பால் ஐஸ்கிரீமைக் கோனில் பிழிந்து, அதன் மேல் அப்போதே துருவிய வசாபியை வைத்துத் தருவது இன்னொன்று. விலை கூடுதலானாலும் ஆட்கள் தேடிப் போவது இரண்டாவதைத்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. முழுக் கிழங்கில் அந்தக் காரம் இருக்காது. துருவும்போது செல்கள் உடைந்து, உள்ளே இருக்கும் நொதி வேலை செய்த பிறகுதான் காரமே உண்டாகிறது. உண்டான காரமும் கால் மணி, இருபது நிமிடத்தில் பறந்துவிடும். ஆகவே துருவிய கையோடு சாப்பிடுவதற்குத்தான் அந்தக் கூடுதல் விலை. ட்யூபில் அடைத்து விற்பது வேறு சரக்கு. மலிவான ட்யூப்களில் பெரும்பாலும் ஹார்ஸ்ரேடிஷ் என்கிற வெள்ளை வேர்தான் இருக்கும், பச்சை நிறம் சேர்த்து.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். ஷுசென்ஜி வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடித்தோம். வழியில் சுற்றுலாப் பயணிகள் இறங்கும் ஓர் இடத்தில் அந்தக் கடை. வாசலில் ஆளுயரப் படம்: வெள்ளை ஐஸ்கிரீம், உச்சியில் துருவிய வசாபி, பக்கத்தில் இலையோடு ஒரு முழுக் கிழங்கு. உள்ளே காசு போட்டுப் பொத்தானை அழுத்திச் சீட்டு எடுக்கும் டிக்கெட் மெஷின். வெறும் பால் ஐஸ்கிரீம் 400 யென், அப்போதே துருவிய வசாபி வைத்தது 650 யென். எல்லோருக்கும் 650 யென் சீட்டுதான் எடுத்தோம்.

கவுன்டரில் இருந்த பெண் சீட்டுகளை வாங்கிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று வேலையைப் பார்த்தார். கிழங்கைத் துருவுவதைப் பார்க்க வேண்டும் என்று என் மகன் பஸ்ஸில் ஏறியதிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தான். எட்டி எட்டிப் பார்த்தவன், "அம்மா, டூத்பேஸ்ட் மாதிரி பிதுக்குறாங்க" என்றான். நானும் பார்த்தேன். ட்யூப்தான்.

கையில் வந்ததன் மேல் வழவழவென்று ஒரு பச்சைப் பொட்டு. வாயில் வைத்ததும் உப்பு, பிறகு கடுகு நெடி, அது போகாமல் தொண்டையிலேயே நின்றது. என் தம்பி டோக்கியோவின் நிஷிகசாய் பகுதியில் வேலை பார்க்கிறான், ஜப்பானிய மொழி நன்றாகப் பேசுவான். அவன் பணிவாகத்தான் கேட்டான். கிழங்கு இன்றைக்குத் தீர்ந்துவிட்டது என்றார் அந்தப் பெண்.

இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஊர் டிக்கெட் மெஷின்களில் ஒரு பொருள் தீர்ந்துவிட்டால் அதன் பொத்தானில் சிவப்பு விளக்கு எரியும், அழுத்தினாலும் சீட்டு வராது. அதே மெஷினில் வேறோர் ஐஸ்கிரீமுக்கு அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எப்படிப் போடுவது என்று தெரிந்தவர்கள் இதற்கு மட்டும் போடவில்லை. வித்தியாசமான 250 யென்னையாவது திருப்பித் தாருங்கள் என்று கேட்டோம். சீட்டு அடித்தபின் முடியாது என்றார்கள். வாசல் படத்தைக் காட்டினோம். படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில், படம் மாதிரிக்கு மட்டுமே என்று அச்சிட்டிருந்ததைக் காட்டினார்கள். முதலாளி வெளியே வந்து குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார், காசு மட்டும் தரவில்லை. நாங்கள் நிற்கும்போதே வேறொரு குடும்பம் அதே பொத்தானை அழுத்தப் போனது. தம்பி அவர்களிடம் விஷயத்தைச் சொன்னான். அவர்கள் காசைப் போடாமல் போய்விட்டார்கள். அப்போதுதான் முதலாளியின் முகம் மாறியது. "அக்கா, வா, பஸ் வந்துடும்" என்று தம்பி கூப்பிட்டதால் கிளம்பினேன். இல்லாவிட்டால் இன்னும் நாலு பேருக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பேன்.

இன்னும் கொஞ்ச தூரம் போய் வேறொரு சின்னக் கடையில் சாப்பிட்டோம். அங்கே கிழங்கையும் துருவியையும் என் மகன் கையிலேயே கொடுத்தார்கள். துருவல் வெளிர் பச்சையில் நாராக, ஈரமாக இருந்தது. முதலில் பால் இனிப்பு, பின்னாலேயே மூக்கு வரை ஒரு காரம் ஏறி, சட்டென்று இறங்கிவிடுகிறது. அது போனதும் வாயில் லேசான பச்சை இனிப்பு. அவ்வளவு அருமையான பண்டம். இதைத் தேடி வருகிறவர்களின் கையில் ட்யூபைப் பிதுக்கிக் கொடுப்பவர்கள், ஓடைத் தண்ணீரில் ஒன்றரை, இரண்டு வருடம் அந்தக் கிழங்கை வளர்க்கிற விவசாயிக்கும் சேர்த்துத்தான் துரோகம் செய்கிறார்கள்.

அந்த நாட்டுச் சட்டத்தில் இதைத் தட்டிக்கேட்க இடம் இல்லாமல் இல்லை. 1960இல் மாட்டுப் படம் போட்ட இறைச்சி டின்களில் திமிங்கலக் கறியும் குதிரைக் கறியும் இருந்தது வெளியே வந்து பெரிய பிரச்சினையானது. அதையொட்டித்தான் 1962இல், பொருளைப் பற்றி வாடிக்கையாளரைத் தவறாக நம்பவைக்கும் விளம்பரங்களுக்கு எதிரான சட்டம் வந்தது. ஜப்பானுக்குள்ளிருந்து 188 என்ற எண்ணுக்கு அழைத்தால் உள்ளூர் நுகர்வோர் மையத்துக்கு இணைப்பார்கள். மெஷினையும் வாசல் படத்தையும் கையில் வந்ததையும் அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டைக் கவுன்டரில் வாங்கிக்கொள்வார்கள், அதனால் கொடுப்பதற்கு முன்பே அதையும் எடுத்துவிடுங்கள்.

மெஷினில் காசு போடுவதற்கு முன் கவுன்டருக்குப் போய், "நாமா வசாபி?" (பச்சை வசாபியா?) என்று கேட்டுக் கிழங்கைக் காட்டச் சொல்லுங்கள். இருக்கிற கடைக்காரர் சந்தோஷமாக எடுத்துக் காட்டுவார். நினைவுப்பொருள் கடைகளில் வசாபி ட்யூப் வாங்கினால் உறையில் பாருங்கள். 'ஹோன்வசாபி ஷியோ' என்று போட்டிருந்தால், உள்ளே இருக்கும் வசாபியில் பாதியாவது அசல். 'ஹோன்வசாபி இரி' என்றால் பாதிக்கும் குறைவு. கப்பில் அடைத்த ஐஸ்கிரீம்களிலும் தரம் உண்டு. பால் கொழுப்பு 8 சதவீதமாவது இருந்தால்தான் ஐஸ்கிரீம் என்று போடலாம். லாக்டோ ஐஸ் என்று இருந்தால் பெரும்பாலும் தாவர எண்ணெய்தான்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒன்று. கப்பில் வருவதற்குச் சேர்மானப் பட்டியல் கட்டாயம், அதில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கிறதா என்று போனில் மொழிபெயர்த்துப் பார்த்துவிடலாம். கோனில் பிழிந்து கையில் தருவதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஐஸ்கிரீம் பிழியும் மெஷினில் ஊற்றும் கலவையின் பாக்கெட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் வேறு கடைக்குப் போய்விடுங்கள்.