காரில் மாட்டிய பூனைக்குட்டியும் மாற்றாத ஆயில் சீலும்: 23,700 ரூபாய் போனது

வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை பக்கம் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். போன நவம்பர் மழையில் எனக்கு நடந்தது. பணம் போனதுகூடப் பரவாயில்லை, ஒரு குட்டி உயிரை அவர்கள் நடத்திய விதம் இன்னும் மனதில் ஆறவில்லை.

இரண்டு நாள் விடாமல் பெய்து மூன்றாம் நாள் காலை மழை விட்டது. மகளைப் பள்ளியில் விடக் காரின் கதவைத் திறந்தேன். “அம்மா, உள்ள பூனை கத்துது” என்றாள். பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். சத்தம் கேட்கிறது, குட்டியைக் காணோம். குனிந்து அடியில் பார்த்தபோதுதான் தரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கறுப்பாக ஆயில் கிடந்ததைக் கவனித்தேன். தேங்கிய மழைத் தண்ணீரில் அது வானவில் மாதிரி பரவியிருந்தது. ஆறு வருட வேகன் ஆர், வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது.

பதறிப்போய், பக்கத்தில் பெரிய போர்டு வைத்திருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பைக் கூப்பிட்டேன். வந்த பையன் முதலில் சொன்னது: “ஸ்டார்ட் பண்ணுங்க மேடம், சூட்டுக்குத் தானா குதிச்சு ஓடிடும்.” யார் இப்படிச் சொன்னாலும் கேட்காதீர்கள். குளிருக்கும் மழைக்கும் இன்ஜின் கதகதப்பைத் தேடி ஏறுகிற குட்டி, பெல்ட்டுக்கோ ரேடியேட்டர் ஃபேனுக்கோ பக்கத்தில் ஒடுங்கியிருக்கலாம். சாவியைத் திருப்பிய நொடியில் எல்லாம் முடிந்துவிடும். நான் மாட்டேன் என்றேன். “அப்ப லிஃப்ட்ல ஏத்தினா பத்து நிமிஷ வேலை” என்று கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்கு 1,800 ரூபாய்.

ஒர்க்‌ஷாப்பில் மேற்பார்வை செய்கிறவர் என்னைப் பார்த்ததும் கேட்டது, “சார் வரலையா?” அப்புறம் லிஃப்ட்டுக்கு அடியில் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, “பின்பக்க கிராங்க் ஆயில் சீல் போயிருக்கு மேடம். கியர்பாக்ஸை இறக்கணும். இப்படியே ஓட்டினா இன்ஜின் ஜாம் ஆயிடும், அப்புறம் லட்சத்துல நிக்கும்” என்றார். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் வெளியே கசியாமல் தடுக்கும் வளையம்தான் அந்த சீல். எஸ்டிமேட் 19,500. என் கவனமெல்லாம் அந்தக் கத்தலில் இருந்தது. குட்டியை முதலில் எடுங்கள் என்று சொல்லிக்கொண்டே ஜாப் கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தப் பதற்றம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மதியம் போன் வந்தது. “தண்ணி அடிச்சோம் மேடம், பூனை ஓடிடுச்சு.” நிம்மதியாக இருந்தது. சாயங்காலம், காரிலேயே விட்டுவந்த மகளின் புத்தகப் பையை எடுக்கப் போனேன். கடையில் வாட்ச்மேன் ஒருவர்தான் இருந்தார். பின் கதவைத் திறந்து பையை எடுக்கும்போது காற்று மாதிரி ஒரு முனகல். காலையில் கேட்ட கத்தல் இல்லை, தொண்டை வற்றிப்போன சத்தம். கார் கழுவுகிற பிரஷர் கன்னால் அடித்திருக்கிறார்கள். அது பயந்து இன்னும் உள்ளே போய் நாள் முழுக்க நனைந்தபடியே கிடந்திருக்கிறது. மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன். “காலைல பாத்துக்கலாம் மேடம்” என்று வைத்துவிட்டார்.

101க்குக் கூப்பிட்டேன். பூனைக்குட்டிக்காகக் கூப்பிடுகிறோமே, திட்டுவார்களோ என்று தயங்கித்தான் பேசினேன். அரை மணி நேரத்தில் தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் வந்தார்கள். இடதுபக்க முன் சக்கரத்தைக் கழற்றி, அதற்கு உட்புறம் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் கவரின் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்து, ஒருவர் கையுறையோடு உள்ளே கைவிட்டு எடுத்தார். உள்ளங்கையில் அடங்குகிற குட்டி. ஆயிலும் தண்ணீரும் சேர்ந்து ரோமமெல்லாம் முள் முள்ளாக நின்றது. ஒரு பைசா வாங்கவில்லை. “பால் சூடா குடுக்காதீங்க, முதல்ல உடம்பைக் காய வைங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார் அவர். அவருக்கு நான் நன்றாக நன்றிகூடச் சொல்லவில்லை, அழுதுகொண்டிருந்தேன்.

ஆயில் பட்ட பூனையை அப்படியே விடக்கூடாது. அது தன்னைத்தானே நக்கும், இன்ஜின் ஆயில் வயிற்றுக்குள் போகும். எங்கள் கால்நடை மருத்துவர் சொன்னபடி, பாத்திரம் கழுவும் லிக்விடைக் கொஞ்சமாக வெதுவெதுப்பான நீரில் கலந்து இரண்டு முறை குளிப்பாட்டி, துணியில் சுற்றி வைத்தோம். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ போட்டுத் துடைக்கவே கூடாது என்றார். சிலர் அப்படிச் செய்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் காரை ஏன் அங்கேயே விட்டாய் என்று தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. என் கோபமெல்லாம் பூனை விஷயத்தில்தான் இருந்தது, ஆயில் விஷயத்தில் அவர்கள் சொன்னதை நம்பினேன். மூன்று நாள் கழித்து 21,900 ரூபாய் கட்டிக் காரை எடுத்து வந்தேன்.

பத்தாம் நாள் அதே இடத்தில் அதே கறுப்பு வட்டம்.

இந்த முறை மடிப்பாக்கத்தில் ஒற்றை ஷட்டர் வைத்து வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் எதையும் உடனே சொல்லவில்லை. இன்ஜினின் பின்பக்கத்தை நன்றாகத் துடைத்துக் காய வைத்தார். அப்புறம் டால்கம் பவுடர் டப்பாவை எடுத்து இன்ஜின் மேலிருந்து கீழ்வரை லேசாகத் தூவினார். “ஒரு ரவுண்டு போய்ட்டு வாம்மா” என்றார். திரும்பி வந்து பானெட்டைத் திறந்தால், வெள்ளைப் பவுடரில் பென்சிலால் கோடு போட்டது மாதிரி ஒரு ஈரத் தடம். மேலே டேப்பட் கவரின் (இன்ஜினின் மேல் மூடி) மூலையில் ஆரம்பித்து, பின்பக்கமாக வழிந்து, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டுகிறது. மேலே கசிகிற ஆயில் கீழே இறங்கித்தான் சொட்டும். அடியில் நின்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டு சீல் போச்சு என்று சொல்ல முடியாது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

அப்புறம் காரின் அடியில் என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் போல்ட்டுகளின் தலையில் ஆறு வருட மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்படியே இறுகிப்போயிருந்தன. கியர்பாக்ஸை இறக்காமல் அந்த சீலைத் தொடவே முடியாது. அந்த போல்ட்டுகளைக் கழற்றாமல் கியர்பாக்ஸ் இறங்காது. ஸ்பானர் பட்ட ஒரு கீறல்கூட எதிலும் இல்லை. “இதை யாரும் கழட்டலம்மா” என்றார், அவ்வளவுதான்.

பழைய பாகம் என்று அவர்கள் கொடுத்த சீல் டிக்கியில் கிடந்தது. அதையும் காட்டினேன். கிராங்க் பின்பக்க சீல் கை வளையலைவிடப் பெரியதாக இருக்குமாம். என் கையில் இருந்தது அதில் பாதிகூட இல்லை. டேப்பட் கவர் பேக்கிங் 480 ரூபாய், கூலி 600. அன்றிலிருந்து ஒரு சொட்டுக்கூட இல்லை.

உங்களுக்கும் கசிவு வந்தால், இரவில் காருக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டியை விரித்து வையுங்கள். நிறமில்லாத தண்ணீர் என்றால் பெரும்பாலும் ஏசி தண்ணீர். பச்சையோ சிவப்போ என்றால் கூலன்ட்டாக இருக்கலாம். வழவழப்பாகப் பழுப்பு, கறுப்பு என்றால் ஆயில். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் அணைத்துச் சில நிமிடம் விட்டு, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே அளவு இருந்தால் பயந்து உடனே கையெழுத்துப் போட வேண்டியதில்லை, இன்னொருவரிடம் காட்ட நேரம் இருக்கிறது. கீழ்க்குறிக்கும் கீழே போயிருந்தாலோ ஆயில் விளக்கு எரிந்தாலோ மட்டும் ஓட்டாதீர்கள். கியர்பாக்ஸை இறக்குகிறோம் என்று சொன்னால், இறக்கியபின் போட்டோ அனுப்பச் சொல்லி ஜாப் கார்டிலேயே எழுதி வாங்குங்கள். மழைக்காலத்தில் வண்டியை எடுக்கும் முன் பானெட்டில் நான்கு தட்டுத் தட்டுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் போய்க் கேட்டேன். “அது வேற லீக் மேடம்” என்றார்கள். போல்ட்டுகளின் படத்தைக் காட்டியதும், முதலாளி ஊரில் இல்லை என்றார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தேன். கடைக்காரர்கள் இரண்டு முறை தவணை சொன்னார்கள், பணம் வரவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. மனு நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. பில், ஜாப் கார்டு, போல்ட் படங்கள், அந்தச் சின்ன சீல் எல்லாம் ஒரு கவரில் பத்திரமாக இருக்கின்றன.

குட்டி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறது, மகளின் போர்வைக்குள் தூங்குகிறது. வாசலில் யாராவது குழாய் போட்டு வண்டி கழுவினால் மட்டும் ஓடிப்போய் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. சத்தம் நின்று வெகுநேரம் ஆனாலும் வெளியே வருவதில்லை.