ஜெனரேட்டரில் லோ வோல்டேஜ்: ஸ்டெபிலைசரா, கட்-ஆஃபா?

சின்ன ஜெனரேட்டர் ஓடும்போது பல்பு மங்கினால் பெரும்பாலோர் தேடுவது ஸ்டெபிலைசரைத்தான். நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன்.

கணக்கைப் பாருங்கள். 1000 வாட் எடுக்கும் கருவி 230 வோல்ட்டில் சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். வோல்டேஜ் 180க்கு இறங்கிய பிறகும் ஸ்டெபிலைசர் 230 கொடுக்க வேண்டுமானால், ஜெனரேட்டரிடமிருந்து குறைந்தது 5.6 ஆம்பியராவது வாங்க வேண்டும். ஏற்கெனவே திணறுகிற என்ஜின் மேல் இன்னும் லோடு ஏறும். வோல்டேஜ் மறுபடி இறங்கும். ஸ்டெபிலைசர் மறுபடி இழுக்கும். என்ஜின் வேகம் விழுந்ததால் வந்த லோ வோல்டேஜ் என்றால் ஃப்ரீக்வென்சியும் (மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு) கூடவே விழுந்திருக்கும். அதை ஸ்டெபிலைசரால் தொடக்கூட முடியாது.

கட்-ஆஃப் பெட்டி வோல்டேஜை ஒரு வோல்ட்கூட ஏற்றாது. குறைந்தால் கருவியைக் கழற்றிவிடும், அவ்வளவுதான். ஆனால் ஃப்ரிட்ஜுக்கு வேண்டியது அதுதான். வோல்டேஜ் 80 சதவீதமாகும்போது மோட்டாரின் முறுக்குவிசை ஏறத்தாழ 64 சதவீதமாகிவிடும். கம்ப்ரசர் சுற்ற முடியாமல் நின்றுபோனால் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் சுருளில் பாயும். காயில் கருகுவது அப்படித்தான். மூன்று நிமிடமாவது தாமதித்து மறுபடி இணைக்கிற கட்-ஆஃபாகப் பாருங்கள், கம்ப்ரசருக்குள் அழுத்தம் சமமாக அந்த நேரம் தேவை. ஹை வோல்டேஜையும் வெட்டினால் இன்னும் நல்லது. பெரிய லோடு ஒன்று திடீரென விலகும்போது ஜெனரேட்டர் ஒரு துள்ளு துள்ளும். ஒரு குறை உண்டு: மோட்டார் கிளம்பும் நொடியில் வரும் சரிவுக்கெல்லாம் படக்கென்று வெட்டும் மலிவுப் பெட்டிகள் பெரிய தொல்லை.

கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். சரிதான். ஆனால் சாதாரண யு.பி.எஸ். ஜெனரேட்டரின் ஆட்டத்தை ஏற்காமல் பேட்டரிக்கும் லைனுக்கும் தாவிக்கொண்டே இருந்து பேட்டரியைத் தீர்த்துவிடும். வரும் மின்சாரத்தை எப்போதும் மாற்றிச் சீராக்கியே கொடுக்கும் ஆன்லைன் வகை பரவாயில்லை. 100–240 வோல்ட் என்று அச்சிட்ட சார்ஜர்களுக்குக் குறைந்த வோல்டேஜைப் பற்றிய கவலையே வேண்டாம்.

புதிதாக ஜெனரேட்டரே வாங்கப்போகிறவர் என்றால் பேச்சு வேறு. ஏ.வி.ஆர். (வோல்டேஜைத் தானாகச் சீராக்கும் பாகம்) வைத்தது ஓடும் லோடில் வோல்டேஜைப் பிடித்துக்கொள்ளும், மோட்டார் கிளம்பும்போது மட்டும் கொஞ்சம் சரியும். என்ஜின் தரும் மின்சாரத்தை எலக்ட்ரானிக் முறையில் மாற்றிச் சீராக்கும் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் தரும் மின்சாரம் சுத்தமானது. லோடு மீறினால் பெரும்பாலும் வோல்டேஜைத் தாழவிட்டு ஓடாமல் மின்சாரத்தையே நிறுத்திவிடும். மோட்டார் ஓட்டும்போது அதன் எக்கனமி ஸ்விட்சை (லோடு குறைந்தால் என்ஜின் வேகத்தைக் குறைப்பது) அணைத்துவையுங்கள்.

இதையெல்லாம் வாங்குவதற்கு முன் வயரைப் பாருங்கள். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 30 மீட்டர் போனால் 10 ஆம்பியரில் சுமார் 11 வோல்ட் வழியிலேயே போய்விடும், 2.5 சதுர மில்லிமீட்டரில் 4 வோல்ட்டுக்குச் சற்று மேல். அப்புறம், கட்-ஆஃபை ஜெனரேட்டர் பக்கம் செருகாதீர்கள். கருவி பக்கம் செருகினால்தான் வயரில் தொலைந்த வோல்ட்டும் அதன் கண்ணில் படும்.