லேபிள் இல்லாத போத்தலில் மருந்து வாங்கி ஏமாந்த கதை

இந்தச் சிறுபோகத்தில் திருகோணமலைக் கன்னியா பக்கம் அரை ஏக்கரில் சுவீட் கோர்ன் போட்டிருந்தேன். மூன்றாம் கிழமையே குருத்துக்குள் மரத்தூள் போல எச்சம். விரித்துப் பார்த்தால் சோளனைத் தின்கிற படைப்புழு. வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி, சந்தேகமே இல்லை. 2018இல் நாட்டுக்குள் வந்த சனியன்.

டவுனில் ஒரு பூச்சிமருந்துக் கடையில், பெரிய கானிலிருந்து ஊற்றிப் பிரித்த 100 மில்லி போத்தலை நீட்டினார்கள். லேபிளும் இல்லை, சீலும் இல்லை. "குளோரன்ட்ரனிலிப்ரோல்தான் அண்ணன், கொம்பனிப் போத்தலில் பாதி விலை." பாதி விலை என்றதும் என் புத்தி கழன்றுவிட்டது.

அடித்து நாலு நாளாகியும் புழு குருத்துக்குள் சுகமாக இருந்தது. கடைக்காரரிடம் கேட்டால், "உங்கட புழுவுக்கு மருந்து பழகிவிட்டது, கூட்டி அடியுங்கோ" என்றார். அப்படியும் நடக்கும்தான், ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் புழு தாங்கப் பழகிவிடும். சரி, சோதித்துப் பார்த்துவிட்டே சண்டைக்குப் போவோம்.

முதல் சோதனையில் நானே ஏமாந்தேன். மருந்தில் தோய்த்த இலையோடு ஆறு புழுக்களை ஒரு ஜாம் போத்தலில் போட்டேன். காலையில் நாலுதான் இருந்தன. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தால், ஒன்றையொன்று தின்றிருக்கின்றன! படைப்புழுவின் குணமே அது. அப்புறம் யோகட் கப்புகள் சேர்த்து, கப்புக்கு ஒரு சின்னப் புழு விட்டேன். பத்துக் கப்புக்குக் கடைப் போத்தல், பத்துக்குச் சீல் உடையாத அதே மருந்து, பத்துக்கு வெறும் தண்ணீர். இந்த மருந்து பட்டால் புழு முதலில் தின்பதை நிறுத்தும், சாக ஓரிரு நாள் கூட எடுக்கும். அதனால் மூன்றாம் நாள்தான் எண்ணினேன். சீல் போத்தலில் ஒன்பது செத்திருந்தன. கடைப் போத்தலில் ஒன்று. தண்ணீரிலும் ஒன்று.

கப்புகளைத் தட்டோடு கொண்டுபோய்க் கடை மேசையில் வைத்தேன். "பில் இருக்கா?" என்றார். அவர் எழுதித் தரவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

காசை விட நாள் போனதுதான் நட்டம். புழு சின்னதாக இருக்கும்போது அடித்தால்தான் பலன். பொத்திக்குள் புகுந்துவிட்டால் எதை அடித்தாலும் உள்ளே படாது. அவித்து விற்கிற சோளனில் மடலை உரிக்கும்போது புழு தலை காட்டினால் யார் வாங்குவார்?

மும்மொழி லேபிள், பதிவு இலக்கம், காலாவதித் திகதி, சீல், எல்லாம் பார்த்து, பில்லோடு வாங்குங்கள். அடிக்கும்போது இரண்டு வரிசையைச் சும்மா விட்டால், மருந்தா தண்ணீரா என்று தோட்டமே சொல்லிவிடும்.

அந்தப் போத்தலில் அரைவாசி இன்னும் கிடக்கிறது. உள்ளே என்னதான் இருக்கிறதென்று தெரியாததால் கிணற்றடியில் கொட்டவும் பயமாக இருக்கிறது.