பாக்டீரியா செல்லுலோஸுக்கு எது தீனி: ஹெச்எஸ் ஊடகமா, தேங்காய்த் தண்ணீரா, அக்கானியா?

கோமகடாய்பாக்டர் சைலினஸ் என்ற பாக்டீரியா, சர்க்கரையைத் தின்று செல்லுலோஸ் (தாவர நாரில் உள்ள அதே பொருள்) இழைகளைப் பின்னி, நீர்மட்டத்தில் தகடாக மிதக்கவிடும். புண்ணுக்குப் போடும் கட்டுத்துணிக்கும் தோல் மாற்றுக்கும் இது அருமையான பொருள். குமரி மாவட்டத்தில் இதற்குத் தீனி தேடினால் மூன்று வழி உண்டு: ஹெச்எஸ் என்ற ஆய்வக வளர்ப்புக் கரைசல், தேங்காய்த் தண்ணீர், அக்கானி எனப்படும் பதநீர்.

1954இல் ஹெஸ்ட்ரினும் ஸ்ராமும் வகுத்த ஹெச்எஸ் ஊடகத்தில், லிட்டருக்கு குளுக்கோஸ் 20 கிராம், பெப்டோன் (உடைத்த புரதத் தூள்) 5, ஈஸ்ட் சாறு 5, டைசோடியம் பாஸ்பேட் 2.7, சிட்ரிக் அமிலம் 1.15. விலை கூடுதல். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வரும். மருத்துவப் பொருளுக்கு இதுவே சரி.

ஈத்தாமொழி பக்கத்துக் கொப்பரைக் களங்களில் ஓடையில் போகும் முற்றின தேங்காய்த் தண்ணீர்தான் தகடு வளர்த்துப் பழக ஏற்றது. உடைத்த சில மணி நேரத்துக்குள் வடிகட்டிக் கொதிக்கவைக்க வேண்டும். தாமதித்தால் காட்டு ஈஸ்ட் முந்திக்கொள்ளும். லிட்டருக்குச் சீனி 50 கிராம், அம்மோனியம் சல்பேட் 5 கிராம் (தேங்காய்த் தண்ணீரில் நைட்ரஜன் போதாது என்பதால்). ஆறியபின் அசிட்டிக் அமிலம் விட்டு பிஹெச் (அமில-கார அளவு) 4.5க்குக் கொண்டுவந்து, லிட்டருக்கு 100 மில்லி தாய் வளர்ப்பைச் (இந்தப் பாக்டீரியா ஏற்கெனவே வளர்ந்த கரைசல்) சேர்த்து, 2–3 செ.மீ. ஆழத்துக்குத் தட்டில் ஊற்றி, மெல்லிய துணியால் மூடவும். அலுமினியத் தட்டு ஆகாது, அமிலம் அரிக்கும். 28–30 டிகிரியில் 8 முதல் 14 நாள். இடையில் தட்டை அசைத்தால் தகடு மூழ்கிவிடும். மேலே புதிதாக ஒன்று தொடங்கி, அடுக்கடுக்காகப் பிரியும். பல தோல்விகளுக்கு இது காரணம்.

நல்ல தகடு நுங்குபோல் கண்ணாடித்தன்மையோடு இருக்கும், விரலில் வழுக்கும், இழுத்தாலும் லேசில் கிழியாது. வெள்ளையாகச் சுருங்கி, தொட்டதும் உதிர்ந்தால் அது ஈஸ்ட் படலம். பச்சையோ கறுப்போ பூத்தால் தட்டு முழுவதையும் கொட்டிவிட வேண்டும். ஓரத்தை வெட்டியெடுத்துப் பயனில்லை.

அக்கானியைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. கலயத்தில் தடவிய சுண்ணாம்பு கரைந்து பிஹெச்சை ஏற்றிவிடும், அதை இறக்க அமிலம் நிறையச் செலவாகும். கருப்பட்டிக் கரைசலிலோ நிறம் தகட்டில் ஏறிக்கொள்ளும். குடிக்கவும் காய்ச்சவும் ஆள் இருக்கும் பொருளை இதில் ஊற்றுவானேன்?

தீனி எதுவானாலும் கழுவுவது ஒன்றே: லிட்டருக்கு 20 கிராம் காஸ்டிக் சோடா, 80–90 டிகிரி, ஒரு மணி நேரம், பிறகு நீரின் பிஹெச் 7 ஆகும்வரை அலசல். கையுறை கட்டாயம். இது கிராம் நெகட்டிவ் வகைப் பாக்டீரியா, செத்த செல்லின் வெளிச்சவ்விலிருந்து வரும் எண்டோடாக்ஸின் என்ற நச்சு தகட்டில் தங்கும்; உடம்பில் வைப்பதற்கு முன் அதைச் சோதித்தே ஆக வேண்டும். வெயிலில் காயவைத்தால் இழைகள் ஒட்டிக் காகிதமாகிவிடும், பழைய அளவுக்குத் திரும்ப ஊறாது. நுண்துளை வேண்டுமென்றால் உறைய வைத்து உலர்த்தவும். இல்லையேல் தண்ணீரிலேயே போட்டு 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி) ஈரமாகவே வைத்திருக்கவும்.