மாசி மூடாக்கு: சருகா, கோகோபீட்டா, வைக்கோலா?

மாசி பிறந்துவிட்டால் வீட்டுத் தோட்டத்தில் வேலை குவிந்துவிடும். பனியில் காய்த்து ஓய்ந்த தக்காளியையும் அவரைக் கொடியையும் பிடுங்க வேண்டும். பழைய பைகளைக் கொட்டி, மண்ணைக் கிளறி, தொழுவுரம் கலந்து திரும்ப நிரப்ப வேண்டும். வெண்டை, கொத்தவரை, புடலை, தண்டுக்கீரை எல்லாம் விதைக்க வேண்டும். மல்லிகை மொட்டு வைக்கத் தொடங்கியிருக்கும். அதற்கும் ஒரு கை எரு போட வேண்டும். இதெல்லாம் எல்லோரும் செய்வதுதான். ஆனால் பலர் தள்ளிப்போட்டுவிட்டு, சித்திரையில் செடி துவண்ட பிறகு அவசரமாகத் தேடுகிற வேலை ஒன்று உண்டு. அது மூடாக்கு, அதாவது செடியைச் சுற்றி மண்ணின் மேல் சருகு, வைக்கோல் போல எதையாவது பரப்பி மூடுவது.

எங்கள் தோட்டம் திருச்சியில், மொட்டை மாடியில். பெரும்பாலும் குரோ பேக் என்கிற செடி வளர்க்கும் பைகள், சில மண்தொட்டிகள், கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் இரண்டு பெரிய டிரம்கள். மே மாதம் 4-ஆம் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கும் என்பது கணக்கு. அதற்கு முன்பே இங்கே வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிடும். திறந்த மண்ணில் காலையில் ஊற்றிய தண்ணீர் மதியம் வரை தாங்காது. அதனால் மூடாக்கு போடுவதா வேண்டாமா என்ற கேள்வியே எங்களுக்கு இல்லை. எதைப் போடுவது என்பதுதான் கேள்வி. சருகு, கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூள், வைக்கோல், தேங்காய் மட்டை, உயிர் மூடாக்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு, இப்போது சருகில் வந்து நிற்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இது.

மூடாக்கு ஈரம் காக்கும், களையை அடக்கும், மண் சூட்டைக் குறைக்கும். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன விஷயம் இது. சுபாஷ் பாலேக்கரின் செலவில்லா இயற்கை விவசாய முறையிலும் அடிப்படையான நான்கில் ஒன்று. மாடித்தோட்டக்காரர்களுக்கு இன்னொரு பலனும் உண்டு. போர் தண்ணீர் ஊற்றுகிற பைகளில் மேல்மண் காயக் காய வெள்ளையாக உப்புப் படியும். நீர் ஆவியாகிப் போய், அதிலிருந்த உப்பு மேலே தங்கிவிடுவதால் வருவது அது. மேலே மூடியிருந்தால் ஆவியாவதும் குறையும், உப்பு மேலேறிப் படிவதும் குறையும்.

சரி, போட்டியில் நிற்காதவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் தக்காளி வயலில் விரிக்கிற வெள்ளி-கறுப்பு பிளாஸ்டிக் தாள், சொட்டுநீரோடு சேர்த்து ஏக்கர் கணக்கில் பயிர் செய்கிறவர்களுக்கு ஆனது. பத்து இருபது பைகளுக்கு அதை வெட்டி ஒட்டுவது வீண் வேலை, கிழிந்த பிறகு குப்பை. கூழாங்கல் பார்க்க அழகு. ஆனால் மொட்டை மாடிக்குக் கூடுதல் பாரம், வெயிலில் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். வாசலில் அழகுச் செடி வைத்திருக்கிறவர்களுக்குப் பொருந்தும்.

உயிர் மூடாக்கு என்பது பெரிய செடியைச் சுற்றிக் கீரையோ பயறோ விதைத்து, அந்தப் பச்சையாலேயே மண்ணை மூடுவது. தரையில் வாழைக்கும் தென்னைக்கும் கீழே தட்டைப்பயறு விட்டால் அருமையாக இருக்கும். பயறின் வேர் முடிச்சு தழைச்சத்தும் சேர்க்கும். ஆனால் ஒரு அடி ஆழப் பையில் வெண்டைக்குக் கீழே சிறுகீரை விட்டால் இரண்டும் ஒரே தண்ணீருக்குப் போட்டி போடும். கோடையில் கீரைதான் முந்திக்கொள்ளும். டிரம்மில் கறிவேப்பிலை நிழலில் பொன்னாங்கண்ணி படர விட்டிருக்கிறேன், அங்கே நன்றாக இருக்கிறது. சிறிய பையில் வேண்டாம் என்பேன்.

வைக்கோல் எனக்குப் பிடித்த பொருள். லால்குடி பக்கம் தை அறுவடை முடிந்ததும் மெஷின் கட்டிய கட்டுகளாகக் கிடைக்கும். நிறம் வெளுப்பு என்பதால் வெயிலைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் தங்கு தடையில்லாமல் உள்ளே இறங்கும், காற்றோட்டமும் உண்டு. சிக்கல் என்னவென்றால், ஒட்டியிருக்கும் நெல்மணிகள் இரண்டு தண்ணீரிலேயே முளைத்துவிடும். பிடுங்குவது எளிதுதான், ஆனால் வாரா வாரம் பிடுங்க வேண்டும். ஒரு கட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், பாதிக்கு மேல் மீந்துபோனதை எங்கே வைப்பது என்பது இன்னொரு கவலை. மூலையில் போட்டால் எலி கூடு கட்டிவிடும். வைக்கோலோடு நான் அதிகம் பழகியதில்லை. மாடு வைத்திருக்கிற, இடம் இருக்கிற வீட்டுக்காரர்கள் என்னைவிட உயர்வாகச் சொல்லக்கூடும். அவர்கள் சொல்வதை நம்பலாம்.

உண்மையான போட்டி கோகோபீட்டுக்கும் சருகுக்கும்தான்.

கோகோபீட்டை எதற்காக எல்லோரும் வாங்குகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. பொள்ளாச்சிப் பக்கத்து நார் ஆலைகளில் இருந்து செங்கல் மாதிரி கட்டியாக வருகிறது. தண்ணீரில் போட்டால் பொங்கி ஒரு தொட்டி நிறையும். தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீர் பிடிக்கும். கனமில்லை, சுத்தம், காற்றுக்குப் பறக்காது. மண்கலவையில் மூன்றில் ஒரு பங்காகக் கலக்க அதைவிட நல்ல பொருள் மாடிக்குக் கிடையாது. அதை நான் இன்றும் வாங்குகிறேன். மேலே மூடாக்காகப் போடுவதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை.

முதல் காரணம் உப்பு. சரியாகக் கழுவாத கோகோபீட்டில் உப்பு நிறைய இருக்கும். வாங்கும்போது உப்புக் குறைந்த ரகம் எது என்று கேட்டு வாங்க வேண்டும், வாங்கியதையும் ஊறவைத்துப் பிழிந்து அலச வேண்டும். இரண்டாவது, அது எளிதில் மக்காது. அதில் கரிமம் ரொம்ப அதிகம், தழைச்சத்து ரொம்பக் குறைவு; விகிதம் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இருக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லித்தருகிற முறையில், ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு மக்கவைக்கிறார்கள். அப்போதுதான் அந்த விகிதம் இருபத்துச் சொச்சத்துக்கு இறங்குகிறது. அப்படி மக்கவைத்தது நல்ல உரம். கடையில் கட்டியாக விற்பது அது கிடையாது. அதனால் கோகோபீட் மூடாக்கு கோடை முடியும் வரை அப்படியே கிடக்கும், மண்ணுக்குச் சாப்பாடாக மாறாது. இந்த இரண்டையும்கூடச் சமாளித்துவிடலாம்.

என் முடிவைத் தீர்மானித்தது மூன்றாவது காரணம். கோகோபீட் போட்ட பையில், அடியில் இருக்கும் மண்ணில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோடையில் செடி சாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இரண்டு அங்குலம் கோகோபீட் பரப்பிய பையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால், அந்தத் தண்ணீரை முதலில் குடிப்பது மேலே இருக்கும் கோகோபீட்தான். அது நிறைந்து மீந்தால்தான் கீழே இறங்கும். மேலே கறுத்து, தொட்டால் சில்லென்று இருக்கும். வேர் இருக்கிற இடமோ காய்ந்து கிடக்கும். இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். நன்றாகத் தண்ணீர் விட்ட பையில் வெயில் பட்டதும் கோகோபீட்டின் மேல்பரப்பு மட்டும் வெளுத்துக் காய்ந்துவிடும். கீழே சொதசொதவென்று இருக்கும்போதே, காய்ந்துவிட்டது என்று நினைத்து மேலும் ஊற்றுவோம். தக்காளிக்கும் மிளகாய்க்கும் வேர் அழுக இதைவிட வேறென்ன வேண்டும்? விரலை விட்டுப் பார்க்கலாமே என்றால், கோகோபீட்டும் மண்ணும் சேருகிற இடம் விரலுக்குத் தெரியாது. இரண்டாவது வாரத்துக்குள் இரண்டும் கலந்துபோயிருக்கும். பிறகு அதைப் பிரித்தெடுக்கவும் வழியில்லை. பையைத் தூக்கிக் கனம் பார்ப்பது ஒரு வழிதான், ஆனால் காய்த்து நிற்கிற செடியைத் தினமும் தூக்கி அசைக்க யாருக்கு மனம் வரும்?

சருகில் இந்தத் தொல்லை கிடையாது. நாலு இலையை விலக்கினால் மண். விரல் இரண்டு கணு இறங்கினால் ஈரம் தெரிந்துவிடும். இலையைத் திரும்பத் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. காலையில் தண்ணீர் விடப் போகும்போதே, நடக்கிற வழியில் ஒவ்வொரு பையாகப் பார்த்துவிடலாம். அம்மாவிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ தோட்டத்தை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போகும்போதும், "இலையை விலக்கிப் பாருங்க, மண்ணு ஒட்டலைன்னா ஊத்துங்க" என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். கோகோபீட் பைக்கு இப்படி ஒரு வரி எனக்கு அகப்படவில்லை.

இப்படி விலக்கிப் பார்க்கும்போது வேறு சிலவும் கண்ணில் படும். போட்டு ஒரு மாதம் ஆன சருகின் அடி இலைகள் கறுத்து, நரம்பு மட்டும் வலைபோல் நிற்கும். அவற்றுக்கிடையில் வெள்ளைப் பூஞ்சை இழைகள் ஓடும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இலையை மக்கவைக்கிற நல்ல பூஞ்சைதான். தக்காளியின் மெல்லிய வெள்ளை வேர்கள் மண்ணை விட்டு வெளியே வந்து, ஈரமான அந்த இலை அடுக்குக்குள் நுழைந்திருக்கும். திறந்த பையில் சுட்டுப் பொரிந்திருக்க வேண்டிய மேல் இரண்டு அங்குல மண்ணையும் செடி பயன்படுத்துகிறது என்று அர்த்தம். இதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சருகின் மேல் முழு நம்பிக்கை வந்தது.

நம் ஊரில் சருகுக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் உண்டு. வேம்பும் புங்கமும் இலை கொட்டுவது மாசி பங்குனியில்தான். செடிக்குப் போர்வை தேவைப்படுகிற நேரத்திலேயே தெருவெல்லாம் இலை கிடக்கிறது, பலர் அதைக் கூட்டிக் கொளுத்திவிடுகிறார்கள். வேப்பிலை சிறியது, ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரியாகக் கிடக்கும், தண்ணீர் நன்றாக இறங்கும். புங்க இலை சீக்கிரம் மக்கி மண்ணுக்குத் தழைச்சத்து தரும்; வயலுக்குத் தழை மிதிக்க அதைத் தேடிப் போனவர்கள் நம் தாத்தாக்கள். இரண்டையும் கலந்து போடுவது என் வழக்கம். மாவிலை தடிமன், மெதுவாக மக்கும், மேல் அடுக்குக்கு நல்லது. வாதாம் இலையையும் தேக்கிலையையும் முழுசாகப் போடாதீர்கள். தட்டுப்போல் விரிந்து தண்ணீரைப் பைக்கு வெளியே வழிய விட்டுவிடும், அதனால் கசக்கிப் போட வேண்டும். வாழைச் சருகும் அப்படித்தான், நாராகக் கிழித்துப் போட்டால் சரியாகிவிடும். தைல மர இலை மட்டும் வேண்டாம், மற்ற செடிகளின் முளைப்பைக் கெடுக்கும்.

சருகில் குறை இல்லாமல் இல்லை. காற்றுக்குப் பறக்கும். மொட்டை மாடியில் ஆடிக்காற்று அடிக்கும்போது பை பையாகக் காலியாகிவிடும். இதற்கு நான் செய்வது, போடுவதற்கு முந்தின இரவே சாணித் தண்ணீரில் நனைத்து வைப்பது. போட்ட பிறகு குறுக்கே இரண்டு ஈர்க்குச்சியோ, தேங்காய் உரித்த நாரோ வைத்து அழுத்திவிடுவது. தரைத்தோட்டமாக இருந்தால் கரையான் வரும், மழைக்காலத்தில் நத்தையும் பதுங்கும். தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி விட்டாக வேண்டும், மாடியானாலும் தரையானாலும். அள்ளுகிற இடத்தையும் பார்க்க வேண்டும். செம்பருத்தியிலும் பப்பாளியிலும் மாவுப்பூச்சி வெள்ளையாக அப்பியிருந்தால் அதன் கீழே கிடப்பதைத் தொடாதீர்கள். எடுத்துவந்ததை ஒருநாள் வெயிலில் பரப்பினால் பாதித் தொல்லை போய்விடும்.

தேங்காய் மட்டைக்கு இரண்டாம் இடம் தருவேன். டிரம் போன்ற பெரிய தொட்டிக்கு அதுதான் முதலிடம் என்றுகூடச் சொல்லலாம். கனமாக உட்காரும், பறக்காது, வருடக் கணக்கில் கிடக்கும், தூக்கிப் பார்த்தால் அடி மண் தெரியும். ஆகவே நான் சொன்ன அந்தப் பரீட்சையில் மட்டையும் தேறிவிடுகிறது. சின்னப் பைகளில்தான் சரியாக அமராது. சந்து சந்தாக மண் தெரியும். தெருவில் மரமே இல்லாதவர்கள் இளநீர்க் கடையில் கேட்டு வாங்கி, காயவைத்து, சிறு துண்டாக நறுக்கிப் போடலாம்.

எதைப் போட்டாலும் அது பையின் மேல்வாயை மட்டும்தான் காக்கும். கறுப்புப் பையின் பக்கவாட்டில் அடிக்கிற வெயிலுக்கு மூடாக்கு பதில் சொல்லாது. பைகளை நெருக்கி வைப்பதும், நிழல் வலை கட்டுவதும் தனி வேலைகள்.

சருகு போடுகிற முறை எளிது. விதைத்த பைக்கு உடனே போடக் கூடாது, நாற்று ஒரு சாண் வளர்ந்த பிறகு போட வேண்டும். கீரைப் பாத்திக்குத் தேவையில்லை. முதலில் மண் முழுக்க நனையத் தண்ணீர் விட்டு, அதன்மேல் மூன்று அங்குல உயரத்துக்குச் சருகு. சில வாரங்களில் அது பாதியாக அமுங்கும், அமுங்க அமுங்கச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். ஐப்பசி மழை தொடங்கும்போது புதிதாகச் சேர்ப்பதை நிறுத்திவிடலாம். கிடப்பது தானாக மண்ணோடு போய்விடும்.

பங்குனி முடிந்தால் மரங்களில் புது இலை நிறைந்துவிடும், பிறகு அள்ள ஒன்றும் கிடைக்காது. அதனால் தேவை என்று தோன்றுவதைப்போல இரண்டு பங்கு இப்போதே அள்ளி, நன்றாகக் காயவைத்து, சாக்கில் அமுக்கிக் கட்டி, மழை படாத மாடிப்படிக்குக் கீழே வைத்துவிடுங்கள். ஆடி வரைக்கும் அதுதான் கையிருப்பு.