ஃப்ரீசரா, உப்பு ஜாடியா? எலுமிச்சையைச் சேமிக்கும் முறைகள்: ஓர் ஒப்பீடு

ஐப்பசி, கார்த்திகையில் கூறு கட்டி மலிவாக விற்ற எலுமிச்சையை, பங்குனி வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாக எண்ணி வாங்க வேண்டியிருக்கிறது. 2022 ஏப்ரலில் கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. அது நோன்பு மாதமும்கூட. கீழக்கரையிலும் தொண்டியிலும் நோன்பு திறக்கச் சர்பத் கலக்கும் வீடுகளுக்கு அந்த விலை எவ்வளவு கடித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நம் கடலோரத்து மணலும் உவர்நீரும் எலுமிச்சைக்கு ஏற்றவை அல்ல. புளியங்குடி போன்ற ஊர்களிலிருந்து வண்டியேறி வருவதை நம்பித்தான் நம் அடுப்பங்கரை நடக்கிறது. ஆகவே விலை இறங்கும்போது வாங்கி வைத்துவிடுவதே நல்லது. எப்படி வைப்பது என்பதில்தான் வீட்டுக்கு வீடு வழக்கு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீன் சமைக்கும் வீட்டுக்கு, பிழிந்த சாற்றைக் கட்டிகளாக உறையவைப்பதுதான் முதல் தேர்வு. அதற்குத் துணையாக ஒரு ஜாடி உப்பு எலுமிச்சை இருக்க வேண்டும். முழுப் பழத்தை உறையவைப்பது நேரமில்லாதவர்களுக்கான வழி. வட்டமாக நறுக்கி உறையவைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

காரணம் பழத்துக்குள்ளேயே இருக்கிறது. புளிப்பு சாற்றில் இருக்கிறது. சிட்ரிக் அமிலம் குளிருக்கு அசைந்து கொடுக்காது. வாசனை மேல்தோலில், கண்ணுக்குத் தெரியும் சிறு புள்ளிகளாக இருக்கும் எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. கசப்பின் வேர் விதையிலும் வெள்ளைத் தோலிலும் உள்ளது. பழம் முழுதாக இருக்கும்வரை அது அடங்கியிருக்கும். நறுக்கினாலோ நசுங்கினாலோ புளிப்பான சாறு அதன்மேல் பட்டு, சிறிது நேரத்தில் லிமோனின் என்ற கசப்புப் பொருள் உருவாகிறது. பிழிந்த உடனே இனிக்கும் சாத்துக்குடிச் சாறு அரை நாள் கழித்துக் கசப்பதற்கும் இதுதான் காரணம். எந்த முறை புளிப்பையும் வாசனையையும் காப்பாற்றி, கசப்பை வெளியே நிறுத்துகிறது என்று பார்த்தால் போதும், வழக்கு தீர்ந்துவிடும்.

முழுப் பழத்தில் வேலை மிகக் குறைவு. கழுவி, ஈரம் போகத் துடைத்து, காற்றில்லாமல் பையில் கட்டிப் போட்டால் முடிந்தது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். அந்த விரிவில் உள்ளே சாற்றுப் பைகள் உடைந்துவிடுகின்றன. அதனால் வெளியே எடுத்து இளகவிட்ட பழம் தொளதொளவென்று இருக்கும். வெட்டிக் கையால் லேசாக அழுத்தினாலே சாறு ஒழுகும். புதுப் பழத்தைவிட எளிதாகப் பிழியலாம். ஆனால் இளகிய பழத்தை வைத்திருக்கக் கூடாது. உடைந்த விதையும் தோலும் சாற்றில் ஊறிக் கசப்பு ஏறிவிடும். எடுத்தோம், பிழிந்தோம் என்று இருக்க வேண்டும். உறைந்த நிலையிலேயே மேல்தோலைத் துருவிக்கொள்ளலாம் என்பது இந்த முறையின் தனிச்சிறப்பு. வறுத்த கணவாயின் மேலும் கேக் மாவிலும் அந்தப் பச்சைத் துருவல் அருமையாக மணக்கும். நம் அன்றாடச் சமையலில் அதற்கு வேலை குறைவு என்பதால் அதிகம் மதிப்பெண் தர முடியவில்லை. இடத்தையும் நிறைய அடைக்கும்.

சாற்றுக் கட்டிக்கு ஒரு காலை நேர உழைப்பு வேண்டும். பழத்தைப் பலகையில் உருட்டி, பிழிந்து, உடனே வடிகட்டி, விதையையும் சக்கையையும் நீக்கிவிட வேண்டும். கசப்பை வாசலிலேயே நிறுத்தும் இடம் இதுதான், சோம்பல் கூடாது. தண்ணீர் கலக்காதீர்கள். அலுமினியத் தட்டில் ஊற்றாதீர்கள், அமிலம் அதை அரிக்கும். பிளாஸ்டிக் அல்லது சிலிக்கான் தட்டு போதும். ஒரு குழியில் ஒரு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 15 மில்லி பிடிக்கும். நடுத்தரமான ஒரு பழத்தின் சாறும் அவ்வளவுதான். ‘ஒரு பழம் பிழியவும்’ என்ற இடத்தில் ஒரு கட்டியைப் போட்டுவிடலாம். உறைந்ததும் தட்டிலிருந்து பெயர்த்து, மூடியுள்ள டப்பாவில் மாற்றிவிட வேண்டும்.

மூடியை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஃப்ரீசரில் சீலாத் துண்டும் இறாலும் கிடக்கும். சில வீடுகளில் கருவாட்டுப் பொட்டலமும் இருக்கும். திறந்த தட்டில் நாள்கணக்கில் கிடக்கும் சாறு அத்தனை வாடையையும் இழுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட கட்டியில் கலந்த சர்பத்தை விருந்தாளிக்குக் கொடுப்பது நியாயமே இல்லை.

வாசனையில் சாற்றுக் கட்டி கொஞ்சம் தோற்கும். தோலின் எண்ணெய் பிழியும்போது தெறித்து விழுவது மட்டுமே அதில் சேர்கிறது. மூன்று, நான்கு மாதத்துக்குப் பிறகு அதுவும் மங்கி, வெறும் புளிப்பு நிற்கும். ஆனால் மீனுக்கு வேண்டியது அந்தப் புளிப்புத்தானே? முண்டு மிளகாய்த்தூள், மஞ்சள், உப்போடு ஒரு கட்டியை இளகவிட்டுப் பிசைந்து விளைமீனில் பூசிப் பாருங்கள். பொரித்த பின் எது புதுச் சாறு, எது உறைந்த சாறு என்று நாக்கு கண்டுபிடிப்பது கடினம். ரசத்துக்கும் எலுமிச்சைச் சாதத்துக்கும் அடுப்பை அணைத்த பிறகுதான் போட வேண்டும். கொதியில் போட்டால் மிச்சமிருக்கும் வாசனையும் ஆவியோடு போய்விடும்.

வட்டமாக நறுக்கியதில் விதையும் வெள்ளைத் தோலும் வெட்டுவாயும் ஒன்றாகக் கிடக்கின்றன. தண்ணீரில் மிதக்கும்போது அழகு, குடித்தால் கசப்பு.

உப்பில் போடுவது வேறு வகை. அதற்கு மின்சாரம் வேண்டாம். கல் உப்புக்கும் நமக்குக் குறைவில்லை. வாலிநோக்கத்திலேயே தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளம் இருக்கிறது. பழத்தை அடி ஒட்டியிருக்கும்படி நான்காகக் கீறி, அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உப்பைத் திணித்து, ஈரமில்லாத பீங்கான் ஜாடியில் அடுக்கி, தினமும் ஒருமுறை குலுக்கி, நடுநடுவே வெயிலில் வைத்தால் மூன்று, நான்கு வாரத்தில் தோல் மெத்தென்று ஆகிவிடும். இங்கே தோலோடு சாப்பிடுவதால் வாசனை முழுதும் கிடைக்கிறது. கசப்பு இருந்தாலும் உப்பு அதை அமுக்கிவிடுகிறது. பழைய சோற்றுக்கும் கஞ்சிக்கும் இதற்கு ஈடு எதுவும் ஃப்ரீசரிலிருந்து வராது. சர்பத்துக்கு உதவாது என்பதும், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அளவாகத்தான் தொட வேண்டும் என்பதும் இதன் குறைகள். கடற்காற்றின் ஈரத்தில் மழை மாதங்களில் ஜாடிக்குள் பூஞ்சை பிடிக்கும் ஆபத்தும் உண்டு; பழங்கள் உப்புநீரில் மூழ்கியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நார்த்தங்காயை ஃப்ரீசர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதன் சிறப்பு தடித்த தோலில்தான், அதற்கு உப்புதான் இடம்.

இனிப்புப் பழங்களில் சாத்துக்குடிச் சாற்றை உறையவைப்பது எனக்கு உடன்பாடில்லை. இளகும்போது கசப்பு தலைகாட்டுகிறது. கமலா ஆரஞ்சு வேறு. சுளையை உரித்து, நாரும் விதையும் நீக்கி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையவைத்துப் பிறகு பையில் போட்டால், சித்திரை வெயிலில் பிள்ளைகள் இளகும்வரை காத்திருக்காமல் அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள். பள்ளி விடுமுறைக்கு இதைவிட நல்ல தின்பண்டத்தை நான் அறியேன்.

எந்த ஃப்ரீசர் என்பதும் முக்கியம். நீண்ட நாள் தாங்க மைனஸ் 18 டிகிரி வேண்டும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்பெட்டி பெரும்பாலும் அவ்வளவு குளிராது. அதில் வைத்ததை இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் மீன் வரத்து குறைந்து ஃப்ரீசரில் இடம் கிடைக்கும். ஆனால் எலுமிச்சை விலை உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். ஆகவே தை, மாசியிலேயே மீனோடு மல்லுக்கட்டி ஒரு டப்பாவுக்கு இடம் பிடித்துவிட வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்து மின்சாரம் போகும் நாள்களுக்கும் ஒரு வார்த்தை. தனி ஃப்ரீசர் நிறைந்திருந்து, கதவைத் திறக்காமலும் இருந்தால் ஏறக்குறைய 48 மணி நேரம் குளிர் நிற்கும். பாதி நிறைந்திருந்தால் 24 மணி நேரம். ஒற்றைக் கதவுப் பெட்டிக்கு அவ்வளவு தாக்குப்பிடிக்கும் சக்தி இல்லை. மின்சாரம் வந்ததும் முதலில் மீனைக் கவனியுங்கள். எலுமிச்சைச் சாறு தன் புளிப்பாலேயே மீனைப்போல விரைவில் கெடாது. கட்டிகளில் பனித்துகள் இன்னும் தெரிந்தால் மறுபடி உறையவிடலாம். வாசனை குறையும், புளிப்பு குறையாது. முழுதும் இளகியிருந்தால் அன்றைக்கே சாதம் கிளறித் தீர்த்துவிடுங்கள். மீன் தண்ணீர் சொட்டிக் கலந்திருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.