ரோமப் பட்டை வைத்த ஜெர்கின்: இரண்டு மாதம் அணிந்த பிறகு

ஏற்காட்டில் குடியிருந்துகொண்டு சேலத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு மார்கழியும் தையும் சோதனையான மாதங்கள். விடியற்காலை ஆறு மணிக்கு இருசக்கர வண்டியில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கும்போது பனிக்காற்று சட்டைக்குள் புகுந்து எலும்பைத் தொடும். அடிவாரத்தை நெருங்கும்போதோ வியர்க்கத் தொடங்கிவிடும். இந்த இரண்டுக்கும் ஈடுகொடுக்கும் உடை ஒன்றைத் தேடி, கடந்த நவம்பரில் சேலம் புதிய பேருந்து நிலையத்திற்கு அருகில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் துணிகள் விற்கும் ஒரு கடையில் 2,800 ரூபாய் கொடுத்து ஒரு ஜெர்கின் வாங்கினேன். தலைமூடியின் விளிம்பைச் சுற்றிப் பழுப்பும் சாம்பலும் கலந்த அடர்ந்த ரோமப் பட்டை ஒன்று பொத்தான்களால் பொருத்தப்பட்டிருந்தது. "சிந்தெட்டிக் தாங்கண்ணா, தைரியமா எடுங்க" என்றார் கடைக்காரர்.

ஜெர்கினின் உடற்பகுதியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. காற்று உள்ளே நுழைவதில்லை, மணிக்கட்டில் உள்ள இழுவைப் பட்டி இன்னும் தளரவில்லை, ஜிப் ஒருமுறைகூட மாட்டிக்கொள்ளவில்லை. பலத்த மழைக்கு இது தாங்காது. தோள்பட்டைத் தையல் வழியே நீர் இறங்குகிறது.

சிக்கல் அந்த ரோமப் பட்டையில்தான் இருந்தது. மூடுபனியில் நனைந்தால் அது காய இரண்டு நாள் ஆயிற்று. ஈரமாக இருக்கும்போது மெலிதாக விலங்கு வாடை அடித்தது. எங்கள் வீட்டு நாட்டு நாய் மணி, ஆணியில் தொங்கும் ஜெர்கினின் மற்ற எந்தப் பகுதியையும் விட்டுவிட்டு அந்தப் பட்டையை மட்டும் திரும்பத் திரும்ப மோப்பம் பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சன்னல் வெளிச்சத்தில் ரோமத்தை விரலால் பிரித்துப் பார்த்தேன். செயற்கை ரோமமாக இருந்தால் அடியில் நெய்த துணியின் கண்ணிகள் தெரிய வேண்டும். இங்கே வெளுத்த, மெல்லிய தோல் தெரிந்தது. நீண்ட முடிகளின் நுனி வெட்டுப்பட்டதுபோல் மொட்டையாக இல்லாமல் ஊசிபோல் கூராகிக் கறுத்திருந்தது. அவற்றுக்கு அடியில் பஞ்சுபோன்ற குட்டை ரோமம் நெருக்கமாக இருந்தது. நான்கு முடிகளைப் பிடுங்கி மெழுகுவத்தியில் காட்டியபோது, பிளாஸ்டிக்போல் உருகாமல், தலைமுடி பொசுங்கும் நாற்றத்துடன் கருகிப் பொடியாயிற்று.

பிறகுதான் உட்பையின் தையலுக்குள் மடிந்திருந்த சீட்டை இழுத்துப் படித்தேன். "ஏஷியாட்டிக் ரக்கூன்" என்றும், ரோமம் வந்த நாடு சீனா என்றும் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. அமெரிக்க விதிகளில் ரக்கூன் நாயின் ரோமத்திற்கு உள்ள வணிகப் பெயர் இது. விலை குறைந்த ஓரப்பட்டைகளுக்கு முன்பு இருந்த விலக்கை 2010ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியதால், இத்தனை சிறிய பட்டைக்கும் அங்கே பெயர் சொல்லியாக வேண்டும். பெயரைக் கேட்டு இதை அமெரிக்க ரக்கூன் என்று எண்ணிவிடக் கூடாது. முகத்தில் கண்ணைச் சுற்றிய கறுப்புத் திட்டு மட்டுமே ஒற்றுமை; உண்மையில் இது நரியும் ஓநாயும் சேர்ந்த நாய்க் குடும்பத்து விலங்கு. நம் காப்பித் தோட்டங்களில் பழம் தின்ன வரும் மரநாய்க்கு நாய் என்று பெயர் இருந்தாலும் அது நாயினம் இல்லை. இதுவோ நாயினமாக இருந்தும் வணிகச் சீட்டில் நாய் என்ற சொல்லையே இழந்துவிட்டது. வாங்குபவர் முகம் சுளிக்கக் கூடாது என்பதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ரோமம் இத்தனை அடர்த்தியாக இருப்பதற்கு இதன் வாழ்க்கை முறையே காரணம். நாய்க் குடும்பத்தில் குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்கும் ஒரே இனம் இது. இலையுதிர் காலத்தில் தவளை, பூச்சி, பழம், செத்த விலங்கு என்று கிடைத்ததையெல்லாம் தின்று, கோடைக்கால எடையைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்காகி, ஆணும் பெண்ணும் இணையாக வளைக்குள் ஒடுங்கிக்கொள்ளும். இந்த ரோமத்துக்காகவே சோவியத் அரசு, கிழக்காசியாவைச் சேர்ந்த இவ்விலங்கில் ஏறத்தாழ 9,000 எண்ணிக்கையை 1920களின் இறுதியிலிருந்து 1955 வரை தன் நாட்டின் மேற்குப் பகுதிகளிலும் பிறவிடங்களிலும் காட்டில் விட்டது. ஓர் ஈற்றில் ஆறு முதல் ஒன்பது குட்டிகள் சாதாரணம் என்பதாலும், குட்டிகளைத் தந்தையும் காவல் காப்பதாலும், அது பின்லாந்து, பால்டிக் நாடுகள், போலந்து வழியாக ஜெர்மனி வரை பரவிவிட்டது. கோடை குறுகி, குட்டிகள் கொழுப்புச் சேர்க்க நாள் போதாத வட எல்லையில் மட்டுமே அதன் பரவல் தடைபடுகிறது. 2019 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆக்கிரமிப்பு அயல் இனப் பட்டியலில் அது இருக்கிறது.

இதைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர், "வெறிநோய் ஒட்டிக்கொள்ளாதா?" என்று என் மனைவியைப் பயமுறுத்திவிட்டார். அச்சத்திற்கு அடிப்படையே இல்லை என்று சொல்ல முடியாது. பின்லாந்தில் 1988-89இல் வெறிநோய் தலைதூக்கியபோது அதிகம் அகப்பட்டவை ரக்கூன் நாய்கள்தாம், தடுப்பு மருந்து வைத்த இரைகளைக் காட்டில் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். நரிகளைப்போலவே இவற்றின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழு, முட்டை வழியாக மனிதக் கல்லீரலைக் கெடுக்கக்கூடியது. சொறிநோயும் இவற்றை வாட்டுகிறது. 2003இல் தென்சீனச் சந்தையிலிருந்த ஒரு ரக்கூன் நாயிடம் சார்ஸ் கிருமியின் தடயம் கிடைத்தது. கோவிட் கிருமி இவற்றைத் தொற்றி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவுவதையும் ஜெர்மனியில் நடந்த ஆய்வு காட்டியது. ஆனால் இவையெல்லாம் உயிருள்ள விலங்குக்கும், அதைக் கூண்டில் நெருக்கி வளர்ப்பவர்களுக்கும், தோல் உரிப்பவர்களுக்கும் உரிய ஆபத்துகள். பதனிட்டுச் சாயமேற்றி உலர்த்திய தோலில் அந்தக் கிருமிகள் உயிரோடு வந்து சேர்வதில்லை என்று சேலத்தில் எனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவரும் உறுதி சொன்னார். எனவே என் மனக்குறை நோயைப் பற்றியது அன்று. செயற்கை என்று நம்பி வாங்கியது செயற்கையாக இல்லை. அசல் என்று சொல்லியிருந்தால் நான் வாங்கியிருக்கவே மாட்டேன்.

சீட்டைக் காட்டியபோது கடைக்காரர் வாதாடவில்லை. "மூட்டையா வருதுங்கண்ணா, பிரிச்சு மாட்டி விக்கிறோம், சீட்டை யாரு படிக்கிறாங்க" என்றார். கூண்டில் லட்சக்கணக்கில் வளர்க்கப்படுவதால் அசல் ரோமம் மலிவாகக் கிடைக்கிறது என்பதும், விலை குறைவாக இருந்தாலே பொய் ரோமம்தான் என்று நாம் முடிவுகட்டுவதும் அவருக்கு உண்மையாகவே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். பணம் திரும்பத் தர மறுத்துவிட்டார். வேறு சரக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். உடற்பகுதி நன்றாக இருந்ததால் நான் மாற்றவில்லை. பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஜெர்கினை மட்டும் அணிகிறேன்; தலைக்கவசம் போட்டு ஓட்டுபவருக்குத் தலைமூடியே முதுகில் தொங்கும் சுமை என்பதால் குளிர்தாங்குவதில் எந்த வேறுபாடும் தெரியவில்லை.

உடைக்கு ஐந்துக்கு நான்கும், கடைக்கு ஐந்துக்கு இரண்டும் கொடுப்பேன். ரோமப் பட்டை இல்லாத ரகம் அதே கடையில் 2,300 ரூபாய்க்குத் தொங்குகிறது. உள்துணியும் ஜிப்பும் இதே தரம்தான். உள்ளே ஸ்வெட்டர் போட இடம் வேண்டுமென்றால் ஓர் அளவு பெரிதாக எடுங்கள்.